அரிக்காத தேமல்

மண்டபத்துக் கரையில் பாசி எடுத்துத் திரும்பும் பெண்கள், கடலை விட்டு ஏறியதும் முதல் வேலையாக விரல்களில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்க்கிறார்கள். பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமலிருக்கச் சுற்றிக்கொள்வது அது. மணிக்கணக்கில் உப்பு நீரில் ஊறிய துணி தோலோடு ஒட்டிப்போயிருக்கும். உரித்தெடுத்தால் உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கி, நகத்தோரம் வெடித்துக் கிடக்கிறது. சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆண் சட்டை உடம்பிலேயே காய்கிறது.

"அரிப்பெல்லாம் கடலோட வந்தது தம்பி. அதுக்குப் போயி யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?" என்றார் அவர்களில் ஓர் அக்கா.

அவர் சொன்னதில் பாதி சரி. தோலின் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. உப்பும் ஈரமும் அதைக் கரைத்துவிட, வெயில் மிச்சத்தை உலர்த்துகிறது. பூச்சு போன தோல் வறண்டு வெடிக்கிறது, ஊறல் எடுக்கிறது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நல்ல தண்ணீரையே குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்களில் இதை எழுதுவது எவ்வளவு சுலபம், செய்வது எவ்வளவு கடினம் என்பதும் தெரிந்தே எழுதுகிறேன்.

இந்தக் கரையில் இழுதுமீனுக்கே 'சொறி' என்று பெயர். அதன் இழை பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அது கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களில் இன்னும் வெடிக்காதவை தேய்க்கத் தேய்க்க வெடித்து மேலும் நஞ்சை இறக்கும். கடல் நீரிலேயே அலசி, இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்குமளவு சூடான நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த அக்கா சொன்னதன் மறுபாதிதான் என்னை எழுத வைக்கிறது. அரிப்பு ஆளைத் தூங்கவிடாது. அதனால் எதையாவது செய்ய வைத்துவிடும். இந்தக் கரையில் தோல் மருத்துவரிடம் தாமதமாகப் போய்ச் சேரும் நோய்கள் பெரும்பாலும் அரிக்காதவை, வலிக்காதவை. அரிப்பதற்கோ மெடிக்கல் ஷாப் இருக்கிறது. அங்கேதான் வேறொரு கேடு காத்திருக்கிறது.

இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில், தொடை இடுக்கில் ஈரம் தங்கினால் படர்தாமரை வரும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவும் பூஞ்சைத் தொற்று. ராமேசுவரம் கோயிலில் கிணற்றுச் சுவர் மேல் நின்று நாளெல்லாம் தீர்த்தம் இறைத்து ஊற்றுகிறவர்களின் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் பெரும்பாலும் இதே இனம்தான். கடையில் "படைக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்டால், ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த ட்யூப் பல நேரம் கைக்கு வரும். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். நல்ல மருந்து என்று வீட்டில் எல்லோருக்கும் தடவுவார்கள்.

நடந்தது வேறு. பூஞ்சையை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளம்தான் அந்தச் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது, உடம்பின் கையைக் கட்டிப்போடும். எதிர்ப்பவர் இல்லாத வீட்டில் பூஞ்சை வசதியாகப் பரவும். களிம்பை நிறுத்திய வாரமே முன்னைவிட இரண்டு மடங்கு இடத்தில் கிளம்பும். அதற்குள் வட்டமும் தடித்த ஓரமும் கலைந்துபோய், பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் தெரியாத முகமூடி போட்டுக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் காகிதம்போல் மெலிந்து, தொடையில் பிரசவக் கோடுகளைப் போன்ற வரிகள் விழும். அந்த வரிகள் அழிவதில்லை.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. வழக்கமான டெர்பினாஃபைன் மாத்திரைக்குப் பல நேரம் மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்த பெயர் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே. இந்தியாவின் பெயரையே சுமக்கும் அந்தப் பூஞ்சை இன்று பல நாடுகளில் காணப்படுகிறது. கண்டபடி தடவிய இந்தக் கலப்புக் களிம்புகள்தான் அதற்கு வழிவிட்டன என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளில் சேர்த்தது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் படைக்கு அதைத் தொடவே வேண்டாம். இரண்டு வாரத்தில் அடங்காத படையும், வீட்டில் இரண்டாம் ஆளுக்குத் தொற்றிய படையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

இனி அரிக்காதவை. முதலில் மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு நோய். 1842-இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் விநோதமான ஒரு கால் வீக்கத்தைப் பற்றி எழுதினார். 'மதுரா கால்' என்று மருத்துவ உலகம் அதை அழைக்கத் தொடங்கியது. 1860-இல் வான்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர் அதற்கு மைசிட்டோமா என்று பெயரிட்டார். இந்தக் கரை அடங்கிய ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் பிறந்தது. அதற்கு முன் இந்த மண் பெரும்பாலும் பழைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. வெறுங்காலில் முள் தைக்கும்போது மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போகிறது. மாதங்கள் கழித்து அங்கே ஒரு கட்டி தோன்றும். வலிக்காது. மெல்லப் பெருத்து, துளை விட்டு, சீழோடு கறுப்பாகவோ வெள்ளையாகவோ குருணை போன்ற துகள்கள் வெளிவரும். உள்ளே எலும்பு அரிபடும். உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது 2016-இல்தான். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் இந்த மாவட்டத்தில், முள் தைக்காத கால் அரிது. பாதத்தில் வலியில்லாத கட்டி இருந்தால், சிறிதாக இருக்கும்போதே காட்டினால் மருந்தில் தீர வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் விட்டவர்கள் காலை இழந்திருக்கிறார்கள்.

மீன் முள் கீறிய விரலிலும் இப்படி ஒன்று வரும். வாரங்கள் கழித்து, சிவந்த கட்டி ஒன்று. பிறகு கையில் மேல்நோக்கி வரிசையாக இன்னும் சில. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம் அதற்குக் காரணமாக இருக்கலாம். சாதாரண ஆன்டிபயாட்டிக் நாலு நாள் போட்டால் போகாது. ஆனால் முள் குத்திய ஓரிரு நாளிலேயே கை வீங்கி, ஊதா நிறக் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் கதையே வேறு. அப்போது தோல் மருத்துவர் வரும் நாள் பார்க்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் அது உயிர்ப் பிரச்சினை. புதிதாக ஒரு மாத்திரை சாப்பிட்ட பின் வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் கொப்புளித்தாலும் அப்படித்தான்.

மூன்றாவது, தேமல். வெயில் காலத்தில் கழுத்திலும் முதுகிலும் வரும் சாதாரணத் தேமல் ஒரு சின்னப் பூஞ்சை. நகத்தால் சுரண்டினால் மாவு போல் செதில் உதிரும். இன்னொரு தேமல் இருக்கிறது. தோலின் நிறத்தைவிடச் சற்று வெளுத்தோ சிவந்தோ இருக்கும். ஆனி மாத வெக்கையில் உடம்பெல்லாம் வியர்வை ஊற்ற, அந்த ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். முடி உதிர்ந்திருக்கும். அரிக்காது, வலிக்காது. சூடு தெரியாது, தொட்டாலும் தெரியாது. பீடி விரலைச் சுட்டது கொப்புளம் கண்ட பிறகே தெரிந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் தோலை அன்றே பார்க்க வேண்டும். தொழுநோய்க் கிருமி தோலுக்கு அடியில் நரம்பைத் தின்றுகொண்டிருக்கலாம்.

இந்தக் கிருமியை ஹான்சன் என்ற மருத்துவர் கண்டது 1873-இல். இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிருமி அது. தொற்றியதற்கும் தேமல் தோன்றுவதற்கும் நடுவே பல வருடம் கழியும். கூட்டு மருந்து 1980-களில் வந்த பின், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முழுதாகக் குணமாகும் நோய் இது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழியைக்கூட 2019-இல் சட்டம் மூடிவிட்டது. மிச்சமிருப்பது வெட்கம். அந்த வெட்கத்தில் ஒளித்துவைக்கும் மாதங்களில்தான் விரல் மடங்குகிறது, கால் புண்ணாகிறது. செத்த நரம்பை எந்த மாத்திரையும் திரும்பக் கொண்டுவராது.

"தடைக்காலம் வரட்டும், அப்பப் பார்த்துக்கலாம்" என்பது இங்கே வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போது கை ஓய்வாக இருக்கும் என்ற கணக்கு. ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகும் வீட்டில் இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் உணர்ச்சியில்லாத தேமலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், முதல் கட்டப் பரிசோதனைக்கு மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. போகும்போது அதுவரை தடவிய ட்யூப்களை, காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அன்று காலை எதையும் தடவ வேண்டாம்.

அங்கே முதலில் நடக்கும் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. மருத்துவர் கண்ணை மூடச் சொல்வார். பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கி அங்கங்கே தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தோளில் தொட்டால் விரல் தோளுக்குப் போகிறது. முழங்கையில் தொட்டால் முழங்கைக்கு. பஞ்சு தேமலின் நடுவுக்கு வருகிறது. கண் மூடியிருப்பவர் கேட்கிறார்: "என்ன சார், இன்னும் தொடலையா?"