கடற்காற்றும் காரின் பிரகாசமும்

கடலூரில் சில்வர் பீச்சை அடுத்த தெருக்களில் இரவெல்லாம் திறந்த வெளியில் நிற்கும் ஒரு காரின் பானெட்டின் மேல், காலை வெயில் ஏறுமுன் விரலை ஓட்டிப் பார்ப்பவர் எவரும், அங்கே படிந்திருக்கும் பிசுபிசுப்பை உணராதிருக்க முடியாது. சமுத்திரக் காற்றில் மிதந்து வந்த உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு படிந்ததே அது. மேற்கே நெய்வேலியில் அனல் மின் நிலையங்கள் இயங்கும் இப்பிரதேசத்தில், அந்த உப்போடு சாம்பல் துகளும், சிதம்பரம் சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதியும், அறுவடைக் காலமானால் நெல்லின் சுணையும் சேர்ந்துவிடுகின்றன.

இதைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் செய்வது, மஞ்சள் துணியை எடுத்து உலர்ந்தபடியே நன்றாகத் துடைத்துவிடுவதுதான். காரின் அழகுக்கு இதைவிடக் கொடிய சத்துரு வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். சாம்பலிலும் மணலிலும் இருப்பவை சிலிகா முதலான கடினப் பொருள்கள். அவற்றைத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தி இழுக்கும்போது, வெயிலில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் வட்ட வட்டமான மெல்லிய கீறல்கள் விழுகின்றன. ஒளி நேராகத் திரும்பாமல் அக்கீறல்களில் பட்டுச் சிதறுவதனாலேயே, நிறம் போகாத காரும் மங்கிக் காட்சியளிக்கிறது.

இம்மங்கலைப் போக்க, பஃபிங் மெஷின் எனப்படும் மின்சார யந்திரத்தை இப்போது பலர் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர் முதலில் அறியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தற்காலத்துக் கார்களில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் உள்ளன; அந்தக் கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 50 மைக்ரானுக்கு மேற்படுவதில்லை, அதாவது ஒரு தலைமயிரின் கனம்கூட இல்லை. பாலிஷ் போடுவது என்பது, கீறலைச் சுற்றியுள்ள பரப்பை நுண்ணிய பொடியால் தேய்த்து, கீறலின் ஆழத்துக்குக் கீழே கொண்டுவருவதே ஆகையால், ஒவ்வொரு முறையும் இப்பூச்சில் கொஞ்சம் போய்விடுகிறது. போனதைத் திரும்ப வைக்க வழியில்லை. மெழுகோ எதையும் எடுப்பதில்லை; மேலே ஒரு மெல்லிய திரையாகப் படிந்து, உப்பும் பறவை எச்சமும் பூச்சைத் தொடாமல் சில காலம் காக்கிறது. எனவே நம் கடற்கரைக்காரர்கள் மெழுகை அடிக்கடியும் பாலிஷை அபூர்வமாகவும் பிரயோகிப்பதே நியாயம்.

வேலையைத் தொடங்குமுன் காரை நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்தபின், தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைப் போக்கி, கார் ஷாம்புவால் கழுவவேண்டும். கடலோரத்துப் போர்வெல் நீர் பல இடங்களில் உவர் நீர்; தானாக உலரவிட்டால் அதுவே வெள்ளைத் திட்டுகளை விட்டுப்போகும் என்பதால் மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுக்கவேண்டும். பிறகு கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பரப்பைத் தடவினால், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். தெரிந்தால் கிளே பார் என்னும் களிக்கட்டியை, நிறைய ஷாம்பு நீர் தெளித்து வழுக்கவிட்டு, அதை நீக்கவேண்டும். ரப்பர், கறுப்புப் பிளாஸ்டிக், கதவுகளின் விளிம்பு ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மறைப்பது அவசியம். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மிக மெல்லியது.

யந்திரங்களில் இரு வகை உண்டு. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி, ஓரிடத்தில் சற்றே நின்றாலும் உஷ்ணத்தால் பூச்சை எரித்துவிடக்கூடியது. சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன், அழுத்தினால் தன் சுழற்சியையே நிறுத்திக்கொள்ளும் சாதுவான சுபாவம் உடையது. வீட்டுக்கு இரண்டாவதே தகும். வெல்டிங் பட்டறையில் இருக்கும் கிரைண்டரில் பஞ்சை மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை: நான்கு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றுவது, அது காரைத் தொடவே கூடாது.

ஃபோம் பேடில் நான்கைந்து சொட்டு பாலிஷ் இட்டு, பேடைப் பரப்பின் மேல் வைத்தபிறகே சுவிட்சைப் போட்டு, இரண்டடிச் சதுரமான ஓர் இடத்தில் முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும், ஒரு வரிசை முந்தின வரிசையின் பாதியைத் தழுவும்படி நிதானமாக ஓட்டவேண்டும். மிக மென்மையான பாலிஷையே முதலில் சோதித்து, அது போதாவிட்டால்தான் அதைவிடக் கரடான காம்பவுண்டுக்குப் போகவேண்டும். பம்பர் பிளாஸ்டிக் ஆதலால் சூடு பரவிப்போகாமல் அங்கேயே தங்கும். புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பார்ப்பது நல்லது. பழைய அம்பாஸடர் வைத்திருப்பவர் துணியில் காரின் நிறமே வருவதைக் கண்டு திகைக்கவேண்டாம். கிளியர் கோட் இல்லாத வர்ணத்தின் இயல்பு அது. ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொள்வதும், எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மட்டுமே யந்திரத்தைச் செருகுவதும், ஈரத்தரையில் நிற்காமலிருப்பதும் உயிரைக் காக்கும் விஷயங்கள்.

பாலிஷ் முடிந்தபின் இடவேண்டியது மெழுகு. பிரேஸில் நாட்டின் ஒருவகைப் பனையோலையில் கிடைக்கும் கார்னாபா மெழுகு, 80 பாகை செல்சியஸைத் தாண்டித்தான் உருகும்; ஆயினும் நம் வெயிலிலும் மழையிலும் அது மாதக்கணக்கில் நிலைப்பதில்லை. செயற்கை சீலன்ட் கூடுதலாக உழைக்கும். எதுவாயினும் கனமாகப் பூசுவது வீண். கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியதாகப் பூசி, மங்கலாக உலர்ந்ததும் வேறு துணியால் துடைத்தெடுத்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, கடலின் உப்பை நேரே ஊருக்குள் கொண்டுவருகிறது. கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதி வாசகர்கள் யந்திரத்தைத் தொடாவிட்டாலும், புரட்டாசி முடிவதற்குள் ஒரு பூச்சு மெழுகையாவது இட்டுவிட வேண்டுகிறேன்.