நோயாளிக்கு மலர் அனுப்பும் முன்

உறவினர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தி கேட்டதும், அன்றே மலர்க்கொத்து அனுப்பப் பலரும் விரும்புகின்றனர். உள்ளூர்ப் பூக்கடைகளும் சில மணி நேரத்தில் கொண்டு சேர்க்கின்றன. எனினும், கடைக்குச் சொல்லுமுன் வார்டைத் தொடர்புகொண்டு கேட்டறியுங்கள்.

தீவிர சிகிச்சை, தீக்காயம், எலும்பு மஜ்ஜை மாற்று ஆகிய பிரிவுகளில் புதுமலர்கள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. பூச்சாடி நீரில் சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்களும், செடித்தொட்டியின் மண்ணில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் வளரக்கூடும். நலமுடன் இருப்பவரை இவை பெரும்பாலும் பாதிப்பதில்லை. கீமோதெரபியால் வெள்ளையணுக்கள் குறைந்தவருக்கோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

அனுமதி உண்டெனில், குமட்டலைத் தூண்டும் கடும் மணமுள்ள மலர்களைத் தவிர்த்து, நோயாளியின் பெயர், வார்டு, படுக்கை எண் ஆகியவற்றைக் கடைக்காரரிடம் தெளிவாகக் கூறுங்கள். இல்லையெனில், இன்று வாழ்த்து அட்டை போதும். மலர்கள் அவர் வீடு திரும்பும் நாளில் வாசலில் காத்திருக்கட்டும்.