காற்றுக்குள் இருப்பவருக்குக் காற்று தெரியாது

வெப்பக்காற்று பலூனின் கூடையில் ஒரு சிறு கொடியைக் கட்டிவைத்தால் அது படபடக்காது, துவண்டு தொங்கும். பலூன் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வயல்களைக் கடந்துகொண்டிருக்கும். கூடையில் நிற்பவரின் தலைமுடிகூடக் கலையாது. பலூனைச் சுமந்து போவதே அந்தக் காற்றுதான். இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும்போது எது எதன்மேல் வீசும்?

எஞ்சின் பூட்டிய விமானமும் இந்த விதிக்கு விலக்கல்ல. பழைய விமானங்களில் விமானிக்கு வேகம் காட்டிய கருவி நிலத்தைப் பார்த்ததே இல்லை. இன்றைய விமானங்களிலும் முதன்மையான வேகமானி அப்படித்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழாய், எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை அளந்து சொல்கிறது. 1732இல் ஆன்ரி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சேன் ஆற்று நீரின் வேகத்தை அளக்கச் செய்த குழாயின் வாரிசு அது. ஆற்றுக்குப் பிறந்த கருவி ஆகாயத்துக்குப் பொருந்தியதில் வியப்பில்லை, இரண்டும் ஓடுபவைதானே. இறக்கைக்கும் இந்த வேகம் போதும். தன்மீது எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதை வைத்தே அது விமானத்தைத் தூக்குகிறது. கீழே ஊர்கள் எவ்வளவு விரைவாகப் பின்னால் போகின்றன என்பது பயணிகளின் கவலை.

2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று, 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கியது. வழியில் அது தொட்ட உச்ச வேகம் மணிக்கு சுமார் 1,327 கி.மீ. தரைமட்டத்தில் ஒலியின் வேகமே ஏறத்தாழ 1,225 கி.மீ.தான். ஆனாலும் ஒலியை முந்தும்போது எழும் அந்த வெடியோசை எழவில்லை. காற்றைப் பொறுத்தவரை விமானம் தன் வழக்கமான வேகத்தில், 900 கி.மீ.யை ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தைப் போட்டுக்கொடுத்தது முதுகில் வீசிய காற்று.

போகும்போது கொடுத்ததை வரும்போது பிடுங்கிக்கொள்ளும், கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 1,000 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு 800 கி.மீ. வேகத்தில் போய்த் திரும்ப, காற்றில்லாத நாளில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். 200 கி.மீ. காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது வேகம் 1,000. ஒரு மணி நேரம். திரும்பும்போது 600, ஒரு மணி நாற்பது நிமிடம். மொத்தத்தில் பத்து நிமிடம் நஷ்டம். பின்காற்றின் உதவி குறைந்த நேரமே கிடைக்கிறது, எதிர்க்காற்றின் தொல்லையை அதிக நேரம் அனுபவிக்கிறோம். அவ்வளவுதான் சூட்சுமம்.

பக்கவாட்டில் வீசினால் நஷ்டமில்லை என்பதும் தப்புக்கணக்கே. பரிசல்காரர் எதிர்க்கரைத் துறையில் சேர வேண்டுமானால் நீரோட்டத்துக்குச் சற்று எதிர்ப்புறமாகத்தான் துடுப்பு போடுவார். விமானமும் அப்படி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு சாய்வாகப் போகிறது. வேகத்தில் ஒரு பங்கு காற்றைச் சமாளிக்கவே செலவாகிவிடுகிறது. மேலே சொன்ன அதே பயணத்தில், முழுக்கப் பக்கக் காற்றாக இருந்தால், ஏறத்தாழ ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

எதிர்க்காற்றை விமானி விரும்பும் இடமும் ஒன்று உண்டு: ஓடுபாதை. இறங்கும்போது காற்றுக்குள் 250 கி.மீ. வேகம் தேவை என்று கொள்வோம். எதிரே 40 கி.மீ. காற்று வீசினால் சக்கரம் தரையைத் தொடும் வேகம் 210தான். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 290. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் ஏறுவதால், பிரேக் அடக்க வேண்டிய சுமை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். சென்னை விமான நிலையத்தின் முக்கிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எண் இருப்பது இதற்காகத்தான். வடக்கிலிருந்து வலச்சுற்றாக 70 பாகை, 250 பாகை என்பவற்றின் சுருக்கம் அவை. வடகிழக்குக் காற்றென்றால் ஒரு முனை, மேல்காற்றென்றால் மறுமுனை.

லண்டன் போன அந்த 747ஐத் தள்ளியது போல உயரத்தில் வீசும் பெருங்காற்றை 1920களிலேயே ஒருவர் அளந்துவிட்டார். ஜப்பானின் வாசபுரோ ஓயிஷி, பலூன்களைப் பறக்கவிட்டு அவை போகும் தடத்தைக் குறித்துக்கொண்டே இருந்தார். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மிக வேகமான காற்றோட்டம் இருப்பது தெரிந்தது. உலகமே படிக்க வேண்டும் என்ற ஆசையில் 1926இல் தன் அறிக்கையை எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட்டார். எல்லோருக்கும் பொதுவான மொழி என்று உருவாக்கப்பட்டதை அநேகமாக யாரும் படிக்கவில்லை. 1944இன் இறுதியில் ஜப்பானை நோக்கி மிக உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள், குண்டுகளைக் குறிதவறச் செய்த அந்தக் காற்றைக் கண்டு திகைத்தார்கள். ஜெட் காற்றோட்டம் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான்.

அதன் பிறகும் எல்லா விமானிகளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. 1947 ஆகஸ்ட் 2 அன்று ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் விமானம் புவனஸ் அயர்ஸிலிருந்து ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டி, மேற்கே சிலியின் சாந்தியாகோவுக்குப் புறப்பட்டது. கீழே மேகம் மூடியிருந்தது; மலை கண்ணில் படவில்லை. மாலை 5.41க்கு, இன்னும் நான்கு நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று கம்பியில்லாத் தந்தியில் செய்தி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அதிலிருந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று அரை நூற்றாண்டு யாருக்கும் தெரியவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் வரை கதைகள் கிளம்பின.

1998இல், சாந்தியாகோவுக்குக் கிழக்கே சுமார் 80 கி.மீ. தொலைவிலுள்ள துப்புங்காத்தோ மலையில், பனிப்பாறை கரைந்த இடத்தில் மலையேறிகள் இருவர் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினைக் கண்டார்கள். பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: விமானம் ஜெட் காற்றோட்டத்துக்கு எதிராகப் பறந்திருக்கிறது. வேகமானி சரியாகவே காட்டியது, கடிகாரமும் சரி. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பார்த்தால் மலைகள் பின்னால் போயிருக்க வேண்டும். பெருக்கலில் சேராமல் விட்டது எதிர்க்காற்று ஒன்றுதான். மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி, மலையின் மீதே இறங்கியிருக்கிறார்கள். 2000இல் அர்ஜென்டினாவின் விசாரணை, விமானியின்மீது தவறில்லை என்று முடித்தது. கருவி காட்டாத காற்றுக்கு அவரை எப்படிக் குற்றம் சொல்வது?

இப்போது செயற்கைக்கோள்கள் நிலத்தைப் பொறுத்த வேகத்தையும் திசையையும் சொல்லிவிடுகின்றன. காற்றைப் பொறுத்த வேகத்தைப் பிட்டோ குழாய் சொல்கிறது. மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தெரியும். இவற்றின் வித்தியாசமே அந்த உயரத்தின் காற்று. ஆயிரக்கணக்கான பயணிகள் விமானங்கள் இந்தக் கணக்கைப் போட்டு, வழியெல்லாம் வானிலை மையங்களுக்கு அனுப்பிக்கொண்டே பறக்கின்றன. 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, முன்னறிவிப்புகளின் தரம் குறையுமோ என்று உலக வானிலை அமைப்பு கவலை தெரிவித்ததற்குக் காரணம் இதுதான்.