மியாவ்... உள்ளே வரலாமா?

ராஜபாளையம்னு சொன்னதும் சட்டுனு ஞாபகத்துக்கு வர்றது எது? உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ்... அந்தக் கம்பீரமான நாய்தானே! 2005-ல் தபால்துறை ஸ்டாம்ப் வெளியிட்டு அதைக் கௌரவப்படுத்தியது. அங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். இறங்கினதுமே பால்கோவா கடைகள் வரவேற்கும். அந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அங்கே இருக்கும் புலிகளுக்காக 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமே வந்தாச்சு.

நாய்க்கு ஸ்டாம்ப், ஸ்வீட்டுக்கு சர்டிபிகேட், புலிக்குக் காப்பகம்... ஆனால், இந்த ரெண்டு ஊர்லயும் ஓட்டுக் கூரை, மொட்டை மாடி, அடுப்படி ஜன்னல்னு எல்லா ரூட்லயும் பெர்மிட் இல்லாமல் ஓடிக்கிட்டிருக்கிற ஒருத்தருக்கு மட்டும் எந்தப் பட்டமும் கிடையாது. மிஸ்டர் பூனையார்!

ஒரே பூனை... மூணு ரேஷன் கார்டு!

"நாங்க எங்க பூனை வளர்க்கிறோம்? அதுவா வருது, அதுவா போகுது!" - உங்க வீட்லயும் இந்த டயலாக்கைக் கேட்டிருப்பீங்க. காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கிற சத்தம் கேட்டதும் அடுப்படி ஜன்னலில் ஒரு தலை தெரியும். "போ அங்கிட்டு"ன்னு அம்மா விரட்டுவாங்க. வாய்தான் விரட்டும். கை அதுக்குள்ள ஒரு கொட்டாங்குச்சியைத் தேட ஆரம்பிச்சிருக்கும். "இடம் கொடுத்தா மடத்தைப் புடுங்கும்"னு லெக்சர் அடிக்கிற அப்பாதான், ஞாயித்துக்கிழமை மீன் குழம்பில் ஒரு துண்டைத் தட்டு ஓரமா ஒதுக்கி வைப்பார்.

இதில் காமெடி என்னன்னா, அதே பூனைக்குப் பக்கத்துத் தெருவிலும் தட்டு இருக்கும். உங்க வீட்டில் அது ராமு. ரெண்டு வீடு தள்ளி அது செல்லம்மா. குட்டி போட்ட பிறகுதான் 'ராமு' வீட்டுக்கு விஷயமே தெரியும்! ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைய. அங்கே போனால் அதுவே 'பில்லி'. பயப்படாதீங்க, பூனைக்குத் தெலுங்கில் பில்லிதான். சூனியமெல்லாம் கூட வராது!

ஹாஸ்டலில் இருக்கிறவங்களுக்கு இதோட அருமை தெரியும். வீட்டுக்கு போன் பண்ணினால் முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா?" ரெண்டாவது கேள்வி, "பூனை வந்துச்சா?"

கூப்பிடாமல் வந்த விருந்தாளி

ஆடு, மாடு, குதிரையை எல்லாம் மனுஷன்தான் பிடிச்சுப் பழக்கினான். பூனை அப்படி இல்லை. மனுஷன் தானியத்தைச் சேர்த்து வெச்சான், எலி வந்தது. எலியைத் தேடி ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை ஊருக்குள் வந்தது. அதோட வம்சம்தான் இன்னைக்கு உங்க வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தைய சமாதி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதாவது, "அதுவா வருது" என்று அம்மா சொல்றது சரித்திரப்பூர்வமான உண்மை!

சரி, நம்ம மேல அதுக்குப் பாசம் இருக்கா, இல்லை எல்லாம் மீனுக்காகவா? 2019-ல் ரெண்டு ஆய்வுகள் வந்தன. தன் பேரை மத்த சொற்களிலிருந்து பூனையால் பிரிச்சு அறிய முடியும்னு ஜப்பானில் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவின் ஆரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் குட்டிகளை வெச்சு சோதிச்சதில், சுமார் 64 சதவீதம் குட்டிகள் தங்களை வளர்க்கிறவர் பக்கத்தில் இருந்தாலே தைரியமாகி விளையாடினவை. இன்னொரு விஷயம்... வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்'னு பேசிக்கிறது ரொம்ப அபூர்வம். அந்த மியாவ் பெரும்பாலும் நமக்குத்தான்!

பால் வேணாம் பாஸ்!

பாற்கடலை நக்கியே தீர்த்துடலாம்னு ஆசைப்பட்ட பூனை மாதிரி ராம காதையைச் சொல்ல வந்தேன்னு, அவையடக்கத்தில் கம்பர் சொல்லியிருக்கார். பூனைக்கு அவர் வைக்கிற பேர் 'பூசை'. கம்பர் சொன்ன ஆசை நிஜம்தான். ஆனால், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் செரிக்காது. வயித்தைக் கலக்கிடும்.

பால்கோவா ஊர்க்காரங்களுக்கு இன்னொரு ஷாக். பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணர்றதுக்கு வேண்டிய ஜீன் ஒன்று அதுக்கு வேலை செய்யாதுன்னு 2005-ல் கண்டுபிடிச்சாங்க. பால்கோவாவுக்கு அது மூக்கை நீட்டினால் பால் கொழுப்பின் வாசனைக்காக இருக்கலாம், நிச்சயம் சர்க்கரைக்காக இல்லை.

தயிர் சாதம் மட்டுமே போடுற வீடுகளும் கவனிக்க. 'டாரின்' என்ற சத்து பூனைக்குக் கட்டாயம் வேணும். அது கறி, மீனில்தான் இருக்கு. தொடர்ந்து கிடைக்கலைன்னா கண் பார்வையும் இதயமும் பாதிக்கும். தயிர் சாதப் பூனை தப்பிக்கிறது எப்படின்னா... அது பிடிக்கிற எலியாலும் பக்கத்து வீட்டு மீனாலும்தான்!

சாக்குப் பை சங்கதி

இதுவரைக்கும் எல்லாம் ஜாலி. இனிமேல்தான் பாசத்துக்குப் பரீட்சை.

ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்தக் கோயில் பின்பற்றும் தென்கலை வைணவ மரபில் பூனைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. குரங்குக் குட்டி, தானே தாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். பூனைக் குட்டி எதையும் பிடிக்காது. தாய் வாயால் கவ்விக்கிட்டுப் போற இடத்துக்கெல்லாம் போகும். கடவுள் நம்மைக் காப்பாத்துறது இந்தத் தாய்ப்பூனை மாதிரின்னு சொல்றதுதான் 'மார்ஜார நியாயம்'. முழு நம்பிக்கைக்குப் பூனைக் குட்டியைவிட நல்ல உதாரணம் கிடைக்கலை.

அப்படி நம்பி, உங்க வீட்டுப் பரணில் குட்டி போட்ட பூனைக்கு நாம என்ன செய்யறோம்? முதல் ஈத்து குட்டிகளோட வீடே விளையாடும். ரெண்டாவது ஈத்தில் முணுமுணுப்பு. மூணாவது ஈத்தில்... ஒரு சாக்குப் பை. ராத்திரியோட ராத்திரியா மார்க்கெட் பக்கமோ கண்மாய்க் கரையிலோ கொண்டு போய் விட்டுட்டு, "எங்கயாவது பிழைச்சுக்கும்"னு சொல்லிக்குவோம்.

பிழைக்காது. பால்குடி மறக்காத குட்டிக்குத் தாய் இல்லைன்னா சாப்பாடே கிடையாது. பெரிய பூனைக்கும் தெரியாத இடத்தில் நாய், பஸ், பசின்னு மூணு எமன். இப்படிப் பசியில் வாடும்படி விட்டுட்டு வர்றது, 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரைதான். டீ, வடை காசுதான்! அதனால சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போறதில்லை. மனசு வெச்சால்தான் உண்டு.

கணக்கைப் பாருங்க. பொட்டைக் குட்டி அஞ்சாறு மாசத்திலேயே சினை பிடிச்சுடும். கர்ப்பம் சுமார் 9 வாரம். ஒரு ஈத்துக்கு 3 முதல் 5 குட்டி. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து, சில சமயம் அதுக்கு மேலயும். இதை நிறுத்த ஒரே வழி கருத்தடை ஆபரேஷன். கடுவன்களுக்கும் செஞ்சுட்டால் ராத்திரிச் சண்டை, வாசலில் மூத்திர நாத்தம் ரெண்டும் பெரும்பாலும் குறையும்.

எங்கே போறது? முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரைக் கேளுங்க. அங்கே வசதி இல்லைன்னா, திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. செலவைத் தெருவில் நாலு வீடு பங்கு போட்டுக்கலாம். ராமு, செல்லம்மா, பில்லின்னு பேர் வெச்ச வீடுகள் எல்லாம் காசு போட வேண்டியதுதானே! காலேஜ் என்.எஸ்.எஸ். யூனிட்டுக்கும் இது நல்ல புராஜெக்ட்.

பாசக்காரங்களுக்குச் சில டிப்ஸ்:

* பிடிக்கிறது கஷ்டமா? ஒரு வாரம் முன்னாடியே மூடி போட்ட கூடைக்குள் சாப்பாடு வெச்சுப் பழக்குங்க. தானா உள்ளே போகும்.

* பாலுக்குப் பதில் சுத்தமான தண்ணீர். உப்பு, காரம் போடாமல் வேகவைத்து, முள் எடுத்த மீன் போதும். வெங்காயம், பூண்டு பூனைக்கு விஷம். சாம்பார் சோறு கூடவே கூடாது.

* உடம்பு சரியில்லைன்னு பாரசிட்டமால் கொடுத்துடாதீங்க. ஒரே மாத்திரை உயிரை எடுத்துடும்.

* கடிச்சாலோ பிராண்டினாலோ, குழாய்த் தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு மருத்துவமனை. பூனையாலும் ரேபிஸ் வரும். ஊசி அங்கே இலவசம். சொன்ன நாளில் எல்லா ஊசியையும் போட்டுக்கணும். பூனைக்கும் தடுப்பூசி உண்டு.

* பரீட்சைக்குக் கிளம்பும்போது குறுக்கே போச்சா? அது போற வேலைக்குப் போகுது. அரியருக்கு அது பொறுப்பில்லை!

கடைசியா ஒரு ரகசியம். பூனையைப் பார்த்துக் கண்ணை மெதுவா சுருக்கி, மூடித் திறந்தால் அதுவும் பதிலுக்கு அப்படியே செய்யும், கிட்ட வரவும் தயங்காதுன்னு 2020-ல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று சொல்லுது. இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ட்ரை பண்ணிப் பாருங்க. அதுவும் கண்ணை மூடித் திறந்துச்சுன்னா... அட்மிஷன் ஓகே! ஆனா, அன்னைக்கே கால்நடை மருத்துவருக்கும் ஒரு போன் போட்டுடுங்க.