உனக்குமா?

விடியற்காலையில் சென்னையை அடுத்த ஒரகடம் தொழிற்பேட்டையின் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். நைட் ஷிப்ட் முடித்து இறங்குகிறவர்களும் காலை ஷிப்டுக்கு ஏறுகிறவர்களும் உரசிக்கொண்டு கடப்பார்கள். பேச நேரமிருக்காது.

அருகில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய விடுதி 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. 18,720 படுக்கைகள்! ஒரு சிற்றூரே குடியிருக்கலாம். ஆனால், ஷிப்ட் மாறினால் ஒருத்தி விழித்திருக்கும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் தூங்கிக்கொண்டிருப்பாள். தூக்கம் கெட்டவள், வீட்டுக் கடனை நினைத்து நெஞ்சு படபடப்பவள், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுபவள் என ஒவ்வொருத்தியும், தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வாள்.

குழு சிகிச்சை முதலில் கை வைப்பது இந்த நினைப்பில்தான். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர், ஏழெட்டுப் பேர், வட்டமாக நாற்காலிகள், வாரம் ஒருமுறை. இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. ஒருத்தி வாய் திறந்ததும் இன்னொருத்தி "உனக்குமாடி?" என்பாள். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழு குணப்படுத்துவதற்கு 11 காரணிகளை வகுத்தார். 'எனக்கு மட்டுமல்ல' என்ற உணர்வு அவற்றில் ஒன்று. பிறருக்கு உதவுவதால் வரும் தெம்பு இன்னொன்று.

இந்த முறையின் தொடக்கம் காசநோயாளிகளிடம். 1905-ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், ஏழை நோயாளிகளுக்கு ஓய்வும் சுகாதாரமும் கற்பிக்க வாராவாரம் அவர்களைக் கூட்டினார். பாடத்தோடு, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட தைரியமும் அவர்களைத் தேற்றியது.

நம்மூர் உதாரணமும் உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சைப் பணியே பின்னாளில் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே குழு சிகிச்சை முக்கிய அங்கம். குடும்பத்தினருக்கும் தனிச் சிகிச்சைத் திட்டம் உண்டு. "உடம்பு வலிக்குக் கொஞ்சம் போடுவேன், அவ்வளவுதான் சார்" என்பவரிடம் டாக்டர் வாதாடி ஜெயிப்பது கஷ்டம். அதே சாக்கைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து சிரித்தால், பேச்சு அடங்கிவிடும்.

குழு, மருந்துக்கு மாற்றாகாது. தற்கொலை எண்ணமோ தீவிர மனச்சிதைவோ இருந்தால் முதலில் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

தொழிற்பேட்டையில் இது பலிக்க வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. அந்த அறையில் ஹெச்.ஆர். ஆட்கள் உட்காரக் கூடாது. வேலை போய்விடுமோ என்று பயப்படும் கான்ட்ராக்ட் தொழிலாளி அவர்கள் முன் வாய் திறக்க மாட்டார். ஒரே ஷிப்டில் இருப்பவர்கள் ஒரு குழுவாக வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு ஒடியாவில் பேச ஒரு குழு வேண்டும். துக்கத்தைச் சொல்லத் தாய்மொழிதான் வரும்.

நிர்வாகங்களுக்கு இதனால் பெரிய செலவில்லை: விடுதிக்கு ஓர் அறை, வாரத்துக்கு ஒரு மணி நேரம், நம்பகமான ஆலோசகர். இப்படியொரு குழு அமையும்வரை காத்திருக்க முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.