கொள்கலக் கோப்பும் காப்புப் படியும்

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுட் சிலவற்றிற்கு வேறு படி இருந்ததில்லை. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ முதலாய முயற்சிகள் ஈழத்து நூல்களை இன்று எண்ணிம வடிவிற் பேணுகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடும்ப ஆவணங்களையும் கடைக் கணக்குகளையும் கணினியில் வைத்திருப்போரும் பலராவர். படியெடுத்தோம் என அமைந்திருப்போர்க்கும் மறைவானதோர் இடருண்டு. அதனை ஈண்டு விளக்குவாம்.

வெராகிரிப்ட் என்னும் மென்பொருள், பெருங்கோப்பொன்றை ஆக்கி, அதனுள்ளே பல கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவைக்கும். இதுவே கொள்கலக் கோப்பு. பத்துக் கிகாபைட் அளவில் ஆக்கிய கொள்கலம், உள்ளே எத்துணை எழுதினும் அழிப்பினும், வழக்கமாக அவ்வளவிலேயே நிற்கும். அன்றியும், பெட்டகம் எப்போது திறக்கப்பட்டதென அயலார் அறியாதிருத்தற்பொருட்டு, அம்மென்பொருள் கோப்பின் பழைய திகதியையே மீண்டும் பொறித்துவிடும்.

காப்புப் படி எடுக்கும் கருவிகளோ, விரைவு கருதி, அளவையும் திகதியையுமே ஒப்புநோக்குவன. பேரேட்டைத் திறவாது மேலட்டையை மாத்திரம் பார்த்துக் கணக்குச் சரியென்னும் கணக்கப்பிள்ளையை இவை ஒக்கும். இரண்டும் மாறாமையால் கோப்பு விடப்படுகின்றது. குறையெதுவுமின்றி வேலை முடிந்ததென அறிவிப்பும் வருகின்றது. மூலவட்டு பழுதுறும் நாளிலேதான் படி பல மாதம் பழையதென்பது புலனாகும்.

திகதியைப் பேணும் அமைப்பை வெராகிரிப்டின் விருப்பத்தேர்வுகளில் நீக்கிவிடுதலே எளிய வழி. மறைவு பெரிதெனக் கருதுவோர், உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பெண்ணைக் கொண்டு ஒப்பிடுமாறு கருவியைப் பணித்தல் வேண்டும். கோப்பு முழுவதையும் வாசிக்க வேண்டியிருத்தலின் இது காலங்கொள்ளும்.

1996 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ டிரிட்ஜெல், போல் மக்கராஸ் என்போர் வெளியிட்ட ஆர்சிங்க், கோப்பைத் துண்டுகளாகப் பகுத்து, மாறியவற்றை மாத்திரம் வலையமைப்பின் வழியே அனுப்பவல்லது. கொள்கலத்துள் ஓரிடத்தில் எழுதினால் அவ்விடத்து மறைகுறியே மாறுமாதலின் இம்முறை அதற்கு மிகப் பொருந்தும். ஆயின், இந்நுட்பமெல்லாம் கோப்பு மாறியதென்று கருவி கொண்ட பின்னரே தொழிற்படும். அதுவும் முதலில் நோக்குவது அளவையும் திகதியையுமே. சரிபார்ப்பெண் ஒப்பீட்டை நாமே கேட்டுப் பெறல் வேண்டும்.

திறந்திருக்கும் கொள்கலத்தைப் படியெடுத்தால், பாதி எழுதப்பட்ட நிலை படியிற் புகுந்துவிடலாம். ஆதலின் அதனை மூடிய பின்னரே படியெடுக்க. மாதமொருமுறையேனும் அப்படியை வேறொரு கணினியிலே திறந்து, அண்மையில் எழுதிய கோப்பு அதனுள் உளதோவெனக் கண்ணாற் காண்டலும் வேண்டும்.