42 மில்லிமீட்டரில் புறப்பட்ட படை

1812 ஜூனில் நெப்போலியனின் படை நேமன் ஆற்றைக் கடந்து ரஷ்ய மண்ணில் கால்வைத்தது. அந்தப் படையெடுப்பைப் பற்றி வந்த புத்தகங்களுக்குக் கணக்கில்லை. படை எப்படிக் கரைந்தது என்பதை ஒரே தாளில், ஒரு துப்பாக்கியோ குதிரையோ வரையாமல் காட்டியவர் ஷார்ல் ஜோசப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1869 நவம்பரில் அவர் அந்தப் படத்தை வெளியிட்டபோது வயது 88.

பாலம், கால்வாய், சாலை என்று அரசின் பொதுப்பணித் துறையில் உழைத்து ஓய்வு பெற்றவர் மினார். எந்தத் தடத்தில் எத்தனை பயணிகள், எவ்வளவு சரக்கு என்பது அவருக்கு அன்றாடக் கணக்கு. 1840களிலேயே அந்தக் கணக்கை நிலப்படத்தின் மேல் பட்டைகளாக வரையத் தொடங்கிவிட்டார். போக்குவரத்து கூடினால் பட்டை தடிக்கும், குறைந்தால் மெலியும். ஓட்ட வரைபடம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். முதுமையில், சரக்கையும் பயணிகளையும் அளந்த அதே அளவுகோலைப் படைவீரர்கள் மேல் வைத்தார். இளம் வயதில், 1813இல், ஆன்ட்வெர்ப் நகரம் முற்றுகைக்கு ஆளானபோது அங்கே இருந்து போரை நேரில் பார்த்தவர் அவர்.

படத்தின் கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் அகலம் என்றால் 10,000 வீரர்கள். இடது ஓரத்தில் 4,22,000 பேர், அதாவது 42 மில்லிமீட்டர் அகலத்தில் வெளிர்நிறப் பட்டை ஒன்று கிளம்புகிறது. வலது ஓரத்தில் மாஸ்கோவைத் தொடும்போது அது 10 மில்லிமீட்டர். அங்கிருந்து கறுப்புப் பட்டையாகத் திரும்புகிறது. நேமன் கரைக்கு மீண்டும் வந்து சேரும்போது எஞ்சியது ஒரே ஒரு மில்லிமீட்டர், 10,000 பேர். புறப்பட்ட பட்டையும் திரும்பிய பட்டையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. 4,22,000, 10,000 என்று எழுதிப் படித்தால் அவை இரண்டு எண்கள்தான். அருகருகே பார்க்கும்போது கண் தானாகவே கழித்துப் பார்த்துவிடுகிறது.

பெரெசினா ஆற்றங்கரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆற்றை நெருங்கும்போது கறுப்புப் பட்டை இரண்டே மில்லிமீட்டராக இளைத்திருக்கிறது. அங்கே, வடக்கே தனியாகப் பிரிந்து போயிருந்த 30,000 பேர் வந்து சேர, பட்டை சட்டென்று 50,000 பேராகத் தடிக்கிறது. ஆற்றின் அக்கரையில் எழுதியிருக்கும் எண் 28,000. நவம்பர் கடைசியில், அவசரமாகக் கட்டிய மரப்பாலங்கள் மேல் நடந்த கதை அது. நெரிசலையோ பீரங்கிச் சூட்டையோ மினார் வரையவில்லை. ஆற்றைக் குறிக்கும் கோட்டைத் தாண்டியதும் பட்டை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

படத்துக்குக் கீழே குளிரைக் காட்டும் வரைகோடு ஒன்று ஓடுகிறது. டிசம்பர் 6ஆம் தேதிக்கு நேராக அது மைனஸ் 30ஐத் தொடுகிறது. இது அக்காலத்து ரேமூர் அளவை. செல்சியஸில் சொன்னால் மைனஸ் 37.5. இந்தக் கோட்டைப் பார்த்த எவரும் பனிதான் படையைக் கொன்றது என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு இந்தப் படத்தில் உள்ள ஒரே குறை இதுதான். குளிர்க்கோடு திரும்பும் வழிக்கு மட்டுமே இருக்கிறது. போகும் வழியின் வெயிலுக்கோ மழைக்கோ பசிக்கோ கோடில்லை. வழியில் வடபக்கம் பிரித்து அனுப்பிய 22,000, 60,000 பேரை ஒதுக்கிவிட்டாலும், மாஸ்கோவை எட்டுமுன் வெளிர்நிறப் பட்டை 2 லட்சத்துக்கு மேல் இழந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி கோடைக்கால இழப்பு. உணவு வண்டிகள் பின்தங்கின. வயிற்றுப்போக்கும் டைபஸ் காய்ச்சலும் பரவின. பலர் ஓடிப்போனார்கள். பிறகு ஸ்மோலென்ஸ்க், போரோதினோ சண்டைகள். பட்டை உண்மையைச் சொல்கிறது. பக்கத்தில் வைத்த கோடு நம் கண்ணைக் குளிர்காலத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. எண்களில் பொய்யே இல்லாத படமும், எதை எதன் பக்கத்தில் வைக்கிறது என்பதாலேயே ஒரு கட்சி பேசிவிட முடியும்.

மினாரின் வேறு தாள்களில் நமக்கு நெருக்கமானது ஐரோப்பாவின் பஞ்சு இறக்குமதிப் படம். 1858ஆம் ஆண்டுப் படத்தில் அமெரிக்காவிலிருந்து வரும் பட்டைதான் மிகப் பெரிது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது, தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையில் சிக்கின. 1864ஆம் ஆண்டுப் படத்தில் அந்தப் பட்டை நூலாகிவிட, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியப் பட்டை பருத்து வருகிறது. நெல்லைச் சீமைப் பஞ்சும் தூத்துக்குடியில் கப்பலேறிய காலம் அது. இவ்வளவு அகலமான பட்டைகளுக்குக் கடலில் இடம் போதவில்லை. மினார் தயங்காமல் கடல்வழிகளை அகலமாக்கி, கரைகளை வளைத்து வரைந்தார். நில அளவையாளர் ஒருவர் செய்யத் துணியாத காரியம். அளவு சரியாக இருக்கவேண்டும், கரை கொஞ்சம் நகரலாம் என்பது அவர் எடுத்த முடிவு. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் செய்த மாற்றத்தை அவர் மறைப்பவரல்ல. ரஷ்யப் படத்தின் மேற்பகுதியிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. எந்தெந்த ஆசிரியர்களிடமிருந்து எண்களை எடுத்தார், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பேர், எந்த நிறம் எந்தத் திசை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, படைத்தலைவர்கள் ஜெரோம், தாவூ ஆகியோரின் பிரிவுகள் உண்மையில் விலகிப்போய் மீண்டும் சேர்ந்தவை, பார்ப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அவை கூடவே நடந்ததாக வரைந்திருக்கிறேன் என்றும் எழுதிவைத்தார். இன்று கைப்பேசியில் வந்து விழும் தேர்தல் படங்களிலும் இடப்பெயர்வுப் படங்களிலும் நான் முதலில் தேடுவது அந்த மாதிரிக் குறிப்பைத்தான். பெரும்பாலும் கிடைப்பதில்லை.